ஃபோலோலாவின் காலும் லூபேயின் பசையும்

லூபேக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பொருள் சேருகிற இடம் எங்கே கண்ணில் பட்டாலும் வலது கட்டைவிரல் நகம் அங்கே போய்விடும். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் வைக்கிற பலகை, அடுத்த வீட்டுத் தேநீர்க் கோப்பையின் காது, பேருந்துச் சன்னலின் ரப்பர், எதுவானாலும் சரி. விளிம்பில் நகத்தை வைத்து லேசாக நெம்பிப் பார்ப்பாள். பிடிப்பு நன்றாக இருந்தால் கையை எடுத்துக்கொள்வாள். கழன்று வருகிற மாதிரி இருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் அது நாற்காலியாக இருந்தால் அதில் உட்காரவும் மாட்டாள். தோங்காத் தீவில், அவள் ஊரான மாஉஃபங்காவில் அவளைத் தெரிந்த பெண்கள், லூபே ஒரு நாற்காலியைத் தொட்டுவிட்டு நின்றபடி இருந்தால் தாங்களும் நின்றுகொள்வார்கள்.

அவளுடைய அப்பா மீன்பிடித் துறையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். லூபே பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடக் கவிழ்த்துப் போட்ட படகுகளின் அடியில் இருந்த நேரம்தான் அதிகம். கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசினை ஊற்றித் தடவினால் படகும் துணியும் ஒன்றாகிவிடும். ஃபைபர் நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்கும் என்று அவள் நினைத்திருந்தாள். உலகத்தில் எல்லாப் பொருளும் அப்படித்தான் என்றும் நினைத்திருந்தாள்.

தலைநகர் நுக்குஅலோஃபாவில் செயற்கைக் கால் செய்கிற பட்டறை திறந்தபோது அவள் அங்கே கூட்டிப் பெருக்கப் போனாள். தீவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. பாதத்தில் ஒரு புண் வரும், ஆறாது, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். பட்டறைக்கு ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. சாமான்களுக்குத்தான் பஞ்சம். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து அட்டைப் பெட்டிகளில் பழைய கார்பன் இழைக் கால்கள் வரும். அங்கே யாரோ போட்டு நடந்து, செத்தோ மாற்றிக்கொண்டோ விட்டுப்போனவை. கீழ்ப்பகுதி நன்றாக இருக்கும். மேலே வெட்டிய காலின் முனை உள்ளே பொருந்துகிற கூடு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அதைப் பட்டறையிலேயே செய்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வைத்தால் சூட்டில் கண்ணாடி மாதிரித் தெளிந்து தொய்யும். அதை, அந்த ஆளின் கால் அளவுக்கு மாவுக்கட்டு மாவில் வார்த்த அச்சின்மேல் போர்த்தி ஆறவிட்டால் கூடு தயார்.

இந்த வெள்ளைக் கூட்டையும் அந்தக் கறுப்புக் காலையும் சேர்ப்பதில்தான் தொல்லை. ஆரம்பத்தில் துளைபோட்டு ஆணி முடுக்கினார்கள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் துளையைச் சுற்றிக் கீறல் விட்டது. ஒட்டலாம் என்றால் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிக்கும் நாற்காலிக்கும் போடுகிற ரகம். அதன்மேல் எந்தப் பசையும் ஒட்டாது. லூபே அதைத் தொட்டுப் பார்த்த முதல் நாளே இது வேறு பிள்ளை என்று தெரிந்துகொண்டாள். மெழுகு மாதிரி வழவழப்பு, எதையும் உள்ளே விடாத பிடிவாதம்.

பட்டறைத் தலைவர் ஹமோனி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆள் பெரிய உருவம், பேச்சு இரண்டு மடங்கு. அவர்தான் வழியைக் கண்டுபிடித்து வந்தார். பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், பிறகு நீலத் தீயை அதன்மேல் ஓடவிட வேண்டும். நின்றால் உருகும், தயங்கினால் கருகும். தோசைக் கல்லின் சூடு பார்க்கக் கையைக் காட்டி எடுக்கிறோமே, அவ்வளவு நேரம்தான். கண்ணுக்கு ஒன்றும் மாறித் தெரியாது. ஆனால் தண்ணீர் தெளித்தால் முன்பு முத்து முத்தாக உருண்டது இப்போது படலமாகப் பரவும். தண்ணீர் பரவினால் பசையும் பரவும். அதன்பிறகு துணியையோ காகிதத்தையோ முன்பூச்சில் நனைத்து ஒரு தடவை பூசிவிட்டு, இரட்டைக் குழல் வைத்த துப்பாக்கியிலிருந்து பசையைப் பிதுக்க வேண்டும். இரண்டு குழலிலிருந்து வருவதும் துப்பாக்கியின் மூக்கில் சேரும்போது கலந்துவிடும். மூச்சு முட்டுகிற நெடி.

ஹமோனிக்கு விரல் தடிமன், பொறுமை குறைவு. வேலை மெல்ல லூபேயின் கைக்கு வந்தது. அவள் போட்டது ஒரே ஒரு சட்டம். பசை கலந்தபின் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. தோங்காவில் எதுவும் காத்திருக்கும். கப்பல் காத்திருக்கும், பாதிரியார் காத்திருப்பார், கல்யாணச் சாப்பாடு காத்திருக்கும். அந்தப் பசை மட்டும் காத்திருக்காது.

அவள் ஒட்டிய கால்கள் சந்தையிலும் சேனைத் தோட்டத்திலும் நடந்துகொண்டிருந்தன. ஃபோலோலாவின் கால் மட்டும் நடக்கவில்லை.

ஃபோலோலா ஒரு விருந்தினர் விடுதிக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள், அகலமானவள், சிரிக்கவைக்கத் தெரிந்தவள். இடது கால் போன பிறகும் அவளுடைய வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மகள் ஹெய்லாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அங்கே அத்தை என்றால் சாதாரணமில்லை. அப்பாவுடன் பிறந்தவள்தான் கல்யாணத்தில் எல்லோருக்கும் மேல். அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். ஹமோனிக்கும் ஃபோலோலா ஏதோ ஒரு வழியில் அத்தை முறை. அதனால் அவள் பட்டறைக்கு வந்தால் தலைவர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்காருவார்.

அளவெடுக்க வந்த அன்றைக்கே ஃபோலோலா வெறுங்கையோடு வரவில்லை. வெள்ளைப் பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவில் வெட்டி, ஓரம் அடித்து, அடுக்கி, நாடாவால் கட்டிக் கொண்டுவந்தாள்.

"தொடைக்கிற வேலை இருக்கும்ல உங்களுக்கு" என்றாள். "விடுதிப் படுக்கை விரிப்பு. பழசு, ஆனா எத்தனை தரம் துவைச்சதுன்னு எனக்குத்தான் தெரியும். பூ மாதிரி இருக்கும்."

ஹமோனி இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு உயர்த்தினார். லூபே அதைத் தனியாக ஓர் அலமாரித் தட்டில் வைத்தாள். மற்ற கால்களுக்குக் காகிதச் சுருளைக் கிழித்துக்கொள்வாள். ஃபோலோலாவின் காலுக்கு மட்டும் ஃபோலோலாவின் துணி. கொடுத்தவர் கண்முன்னால் கொடுத்ததைப் பயன்படுத்துவதுதான் மரியாதை. ஃபோலோலாவும் ஒவ்வொரு முறையும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தன் துணி வேலை செய்வதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் ஒட்டு தேவாலயத்தில் விட்டது. பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. அங்கே பாட்டு எதற்கும் நிற்காது. பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் பங்குக் குரலை விடாமல் பாடிக்கொண்டே அவளைத் தூக்கினார்கள். இரண்டாவது ஒட்டு துணிக் கொடியடியில் விட்டது. ஈர விரிப்புகளுக்கு நடுவே கிடந்தவளை யாரும் வெகுநேரம் கவனிக்கவில்லை.

லூபே உடைந்த இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல ஒட்டு விட்டுப்போனால் பாதிப் பசை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், பிய்த்தெடுத்த மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. பசை முழுவதும் கறுப்புப் பக்கம் பத்திரமாக இருந்தது. வெள்ளைப் பக்கம் வாழை இலையிலிருந்து அல்வாவை உரித்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"தீ போதலையோ" என்றார் ஹமோனி.

"தண்ணி பரவிச்சு."

"பசை பழசோ?"

"இதே டப்பாவுல ஒட்டின கால்தான் மீன் மார்க்கெட்டுல ஓடிட்டிருக்கு."

"அப்போ அத்தை கால்ல என்னமோ பண்றாங்க. கடல்ல இறங்கறாங்களா, மரத்துல ஏறறாங்களா, யாருக்குத் தெரியும்."

"நீங்க கேளுங்க."

"நானா? அத்தையையா?" ஹமோனி கதவைப் பார்த்துக்கொண்டார். "நீ கேளு. நீ வெளியாளு."

லூபே கேட்கவில்லை. அவளுக்குக் கேள்வி கேட்பது எப்போதும் கஷ்டம். தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டாள். அந்த வாரம் வேறு இரண்டு கால்களை ஒட்டும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவை பிடித்தன. அதனால் நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் கூடியது.

கல்யாணம் நெருங்கியது. மூன்றாம் முறை ஒட்ட ஃபோலோலா ஊன்றுகோலோடு வந்தபோது ஹமோனி தரையில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, சக்கர நாற்காலி ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்.

"அதுல உக்காந்தா ராணி மாதிரி இருக்கும், அத்தை. ரிப்பன் கட்டி, பூ வச்சு, நானே தள்ளிட்டு வரேன்."

"நீ தள்ளினா நான் கல்யாணத்துக்குப் போக மாட்டேன்டா, கடலுக்குள்ள போவேன்" என்றாள் ஃபோலோலா. "ஹெய்லாலா நடுவுல நின்னு ஆடுவா. அவ பின்னாடி குதிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். மாப்பிள்ளை பக்கத்துலேர்ந்து அவங்க அத்தை வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கறா. என் பொண்ணுக்குப் பின்னாடி எவளோ குதிக்க, நான் சக்கரத்துல உக்காந்து கைதட்டணுமா?"

மணப்பெண் தௌலுங்கா என்கிற ஆட்டம் ஆடும்போது கையும் கழுத்தும் மட்டும் அசையும், முழங்கால் சேர்ந்தே இருக்கும். அவள் அழகு எடுபட வேண்டும் என்று பின்னால் வயதானவர்கள் கோணல்மாணலாகக் குதிப்பார்கள். எவ்வளவு அசிங்கமாகக் குதிக்கிறார்களோ அவ்வளவு பிரியம் என்று அர்த்தம். ஊரே கூடியிருக்கிற இடத்தில், எல்லோருக்கும் மேலான அத்தை குதிக்கும்போது கால் கழன்றால் என்ன ஆகும் என்பதை அந்த மூன்று பேரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஃபோலோலா அன்றைக்குக் கூடையில் ஈரப்பலாவும் கொண்டுவந்திருந்தாள். வழியில் யாரோ பறித்துக் கொடுத்தது. காம்பிலிருந்து பால் வடிந்து அவள் விரலெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியிருந்தது. ஈரப்பலாப் பால் லேசில் போகாது. முன்காலத்தில் தோணி இடுக்கை அடைத்ததே அதை வைத்துத்தான். லூபே சோப்பு எடுக்கப் போனாள்.

"சோப்பு எதுக்கு?" என்றாள் ஃபோலோலா. அலமாரித் தட்டுக்குக் கையை நீட்டித் தன் துணியில் ஒன்றை உருவி விரல்களைத் துடைத்தாள். இரண்டு தேய்ப்பு. பால் திரண்டு துணியோடு வந்துவிட்டது. விரல் சுத்தமாக, லேசாகப் பளபளத்தது.

லூபே சோப்பைக் கீழே வைத்துவிட்டு அந்த விரல்களைப் பார்த்தாள்.

"நல்லா வருதே அக்கா" என்றாள்.

"வராதா பின்ன? வெறுமனே துவைச்ச துணியைக் கொண்டுவந்து ஒருத்தர் கையில குடுப்பேனா நான்? சந்தனம் போட்ட தேங்காய் எண்ணெய் தெளிச்ச மரப்பட்டைத் துணிக்கு நடுவுல வச்சு, பெட்டியில ஒரு மாசம் ஊறவச்சது. மோந்து பாரு."

லூபே ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். தேங்காயும் சந்தனமும். இத்தனை நாளும் முன்பூச்சின் நெடி அதை மறைத்திருந்தது. தொட்டால் தெரியாத அளவு எண்ணெய். தீ காட்டி, தண்ணீர் பரவுகிற வரை கொண்டுவந்த பிளாஸ்டிக்கின்மேல், ஒவ்வொரு தடவையும் கடைசியாக இந்தத் துணியால்தான் முன்பூச்சைப் பூசி, கூடவே எண்ணெயையும் தடவியிருக்கிறாள்.

அவள் ஹமோனியைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது. உடனே ஆணி டப்பாவை மடியில் கவிழ்த்துப் பொறுக்கத் தொடங்கினார்.

நேராகச் சொல்லிவிட முடியாது. அங்கே பெரியவர்களிடம் எதையும் நேராகச் சொன்னால் அது அடிப்பதற்குச் சமம். பூவைச் சொல்லி ஆளைக் காட்ட வேண்டும், மழையைச் சொல்லிக் கோபத்தைக் காட்ட வேண்டும். கெட்டிக்காரர்கள் அதைப் பாட்டிலேயே செய்வார்கள். லூபேக்கு அந்தத் திறமை கிடையாது. பிளாஸ்டிக் கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தே பேசினாள்.

"அக்கா, இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கே, இது ஒண்ணும் தெரியாத பிள்ளை."

"யாரு?"

"பிளாஸ்டிக்தான். பெரிய வீட்டுல நல்ல பாய் விரிச்சு உக்காருன்னு சொன்னா, இதுக்கு உக்காரத் தெரியாது. கூச்சப்பட்டு எழுந்து ஓடிடும். வெறுந்தரைதான் இதுக்குச் சரி. காகிதத்தால தொடைச்ச வெறுந்தரை."

ஃபோலோலாவின் கை துணியோடு நின்றது.

"அப்போ ஓடிப்போனது என் பாயிலேர்ந்தா?"

"நான் அப்படிச் சொல்லலை அக்கா."

"சொல்லலை. நம்ம பாஷையில சொன்ன."

ஃபோலோலா எழுந்துபோவாள் என்று லூபே நினைத்தாள். ஒரு காலில் எழுந்துபோவது சுலபமில்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஃபோலோலா மிச்சத் துணிகளைத் தட்டிலிருந்து எடுத்து, அடுக்கி, விளிம்பைச் சரிபார்த்து, நாடாவால் கட்டினாள். நிதானமாகக் கட்டினாள்.

"தேவாலயத்துல விழுந்தப்ப உன்னைத்தான் திட்டினேன்" என்றாள். "மனசுக்குள்ள. பாட்டு பாடிக்கிட்டே."

"நானும் என்னைத்தான் திட்டினேன் அக்கா."

"என் மருமகன் யாரைத் திட்டினான்?"

"பசை செஞ்ச கம்பெனியை, அத்தை" என்றார் ஹமோனி தரையிலிருந்து.

"இந்தா." துணிக்கட்டை அவர் மடியில் போட்டாள். "குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது. உன் பொண்டாட்டிக்கு ஈரப்பலா நறுக்கக் குடு. அவதான் எப்பவும் கையெல்லாம் பசையா வந்து நிப்பா." பிறகு லூபேயிடம் திரும்பினாள். "நீ என்ன வேடிக்கை பாக்கற? தரையைத் தொடை."

எண்ணெய் ஏறிய பிளாஸ்டிக்கை லூபே நம்பவில்லை. அரத்தால் மேல் தோலை ராவி எடுத்தாள். கரைப்பானால் துடைத்து, தேய்த்து, மறுபடி துடைத்தாள். காகிதச் சுருளில் கடைசிச் சுற்றை முன்பூச்சுக்கென்று ஒதுக்கிவைத்தாள். தீயை ஓடவிட்டாள். தண்ணீர் படலமாகப் பரவியது. ஒதுக்கிய காகிதத்தால் முன்பூச்சைப் பூசினாள். அதே தகட்டில் வெட்டிய ஒரு துண்டையும் கூடவே தயார் செய்து, அதில் ஒரு கார்பன் சீவலை ஒட்டினாள். பசை கலந்தபோது ஃபோலோலாவும் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மறுநாள் அந்தத் துண்டைப் பட்டறைப் பிடியில் மாட்டி உளியை வைத்து நெம்பினாள். ஹமோனியும் தன் எடையை உளிமேல் சாய்த்தார். படீர் என்று போனபோது பசை விட்டிருக்கவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்கே நார்நாராகக் கிழிந்து கறுப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஹமோனி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் எல்லோரிடமும் காட்டினார்.

காலை மாட்டிக்கொள்ள வந்த ஃபோலோலா, "விழ மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

"ஒட்டு விடாது. நீங்க விழறது உங்க பாடு."

"இதுக்குத்தான் உன்னைப் பேசவே விடக் கூடாது."

"இன்னொண்ணு. கல்யாணத்தன்னிக்கு இந்தக் கால்ல எண்ணெய் தடவாதீங்க."

"ஒரு கால் மினுங்கி ஒரு கால் வறண்டு நிக்கணுமா?"

"ஆமா."

கல்யாணம் சனிக்கிழமை நடந்தது. ஹெய்லாலாவின் தோளிலும் கையிலும் எண்ணெய் வழிந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் தோலில் பண நோட்டை அழுத்த, அது ஒட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒரு பக்கம் குதித்தாள். ஃபோலோலா விசேஷத்துக்கு உடைமேல் சுற்றுகிற பாயை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் புகுந்தாள். நாரை மாதிரி ஒற்றைக் காலில் நின்றாள், அதுவும் செயற்கைக் காலில். கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ ஒரு மச்சினன் வேடிக்கைக்காகக் குனிந்து அவளுடைய கார்பன் காலில் ஒரு நோட்டை அழுத்தினான். அது நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி விழுந்தது.

"அங்க ஒட்டாதுடா" என்று ஃபோலோலா ஆட்டத்தை நிறுத்தாமல் சொன்னாள். "அங்க ஒட்டறதுக்கு லூபேகிட்ட கேக்கணும்."

லூபே கூடாரக் கம்பத்தின் பின்னால் நின்றிருந்தாள். மணப்பெண்ணையும் பார்க்கவில்லை, ஃபோலோலாவின் முகத்தையும் பார்க்கவில்லை. கறுப்பும் வெள்ளையும் சேருகிற அந்த விரற்கடை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோலோலா இரண்டு காலையும் தூக்கிக் குதித்தாள். இறங்கினாள். இன்னொரு தடவை குதித்தாள். பாட்டு முடிந்ததும் நடந்துபோய், எல்லோருக்கும் மேலான இடத்தில், பாய்களின் அடுக்கில் உட்கார்ந்தாள். அதன்பிறகு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஃபோலோலாவின் வெட்டிய கால் மெலிந்து அந்தக் கூடு தளர்ந்துவிட்டது. புதுக் கூடு செய்ய வேண்டியிருந்தது. பழைய ஒட்டைப் பிரிக்க முடியவில்லை. ரம்பத்தால் அறுத்துத்தான் கார்பன் பகுதியை மீட்டார்கள். ஹெய்லாலா இப்போது நியூசிலாந்தில் இருக்கிறாள். ஃபோலோலா துணி துவைப்பதை நிறுத்திவிட்டாள். வலது பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மற்றவை இருக்கின்றன. லூபே அதே பட்டறையில் ஒட்டும் வேலை செய்கிறாள்.